வலது பக்கத்துக்காரி எழுதுவது

திலக் நகர், செம்பூர்.
12.1.2025

அன்புள்ள மேரி அக்காவுக்கு,

இடது பக்கத்துக்காரி மாலதி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்பதற்கு முன்னால் உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் உங்களைத் தேடித் தேடி எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. மாஸ்க் போட்ட குட்டையான பெண்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்ததில், ஒரு அம்மா "க்யா ஹுவா பெஹன்?", என்ன ஆச்சு தங்கச்சி என்று கேட்டே விட்டாள். செக்கப்புக்கு ஏன் வரவில்லை?

கிட்னி வார்டு கோஆர்டினேட்டர் ராஜலக்ஷ்மி மேடமும் விசாரித்தார். "உங்க ஜோடி எங்கம்மா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, உடனே கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார். யார் கொடுத்தது யாருக்குப் போனது என்று சொல்லக் கூடாதாம், சட்டமாம். நமக்கா தெரியாது? போன ஆகஸ்டில் அந்த மழை ராத்திரியில் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டே பேருக்குத்தான் கிட்னி வைத்தார்கள். உங்கள் பேப்பரில் வலது என்று எழுதியிருக்கிறது, என்னுடையதில் இடது. முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான், போகிற வழியில் நம் இருவரையும் அக்கா தங்கச்சி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். தூத்துக்குடிக்காரிக்கும் சங்கரன்கோவில்காரிக்கும் பம்பாயில் இப்படி ஒரு சொந்தம் வரும் என்று எந்த ஜோசியனும் சொல்லியிருக்க முடியாது.

எனக்கு எப்போதும் போலப் பயம்தான். மாடி வீட்டில் யாராவது இருமினால் நான் ஜன்னலைச் சாத்துகிறேன். "கிட்னிய மாத்துன டாக்டர் அப்படியே உன் மூளையையும் மாத்தியிருக்கலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர் வேல்ராஜ். சிரிக்கட்டும். எட்டு மணி மாத்திரை தொண்டைக்குள் இறங்குகிற வரை எனக்கு வேறு எந்த வேலையும் ஓடுவதில்லை.

உங்கள் பிள்ளை சுபின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மணப்பெண் லிசாவின் பெயரைத் தமிழிலும் அச்சடித்தது அழகாக இருக்கிறது. பிப்ரவரி 24-ஆம் தேதி மாஸ்க் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன்.

பதில் உடனே வேண்டும்.

அன்புடன்,
இடது பக்கத்துக்காரி,
மாலதி


மாதா துணை
தாராவி.
16.1.2025

என் தங்கச்சி மாலதிக்கு,

உன் கடிதத்தைச் சுபின் போனில் பெரிதாக்கிக் காட்டினான். உன் எழுத்து ஆபீஸ் எழுத்து, குண்டு குண்டாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டேன். திட்டினாலும் உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்கு நாலு வார்த்தை பேசிய மாதிரி இருக்கிறது. போனில் பேச எனக்குக் காது ஏது? வலது காது மொத்தமாகப் போயிற்று. இடது காதில், பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் விழும்.

இந்தக் கடிதத்தையும் அவன்தான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவி, படித்தது இந்தி. தமிழில் அவனுக்கு அவன் பெயரை மட்டும்தான் கண்டுபிடிக்கத் தெரியும். "மம்மி, இவ்ளோ என்ன எழுதுத? என் பேரு எத்தன வாட்டி வந்திருக்கு?" என்று எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவான். அதனால் நாம் எதையும் எழுதலாம். பத்துக்குப் பத்து வீட்டில் ரகசியம் பேச வேறு இடம் எங்கே இருக்கிறது?

கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அடுத்த மாதம் மூன்று ஞாயிறு கோயிலில் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கல்யாண ஓலை வாசிப்பார்கள். 24-ஐ விட்டால் சாம்பல் புதன் வந்துவிடும், தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, பிறகு ஈஸ்டர் முடிய வேண்டும். அதனால் எது வந்தாலும் 24-தான். இடது பக்கம் நாற்காலி போட்டுத் தரும்படி சாமியாரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். என் பிள்ளை "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்வதை நான் என் காதால் கேட்க வேண்டும். மிச்சம் இருக்கிற இந்தக் காதை அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

செக்கப்புக்கு வராதது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆனால் கொஞ்சம் குளிர், உடம்பு கதகதப்பு, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். சுபின் பல் பிடுங்கியபோது கொடுத்த கேப்ஸ்யூல் பாதி மிச்சம் இருந்தது. அதைப் போட்டதும் கேட்டுவிட்டது. நம் வயிற்றில் குடிவந்தவருக்குச் சளி பிடித்திருக்கும் போல, ஆள் இப்போது தெம்பாக இருக்கிறார்.

அன்புடன்,
வலது பக்கத்துக்காரி,
மேரி


திலக் நகர்.
17.1.2025

மேரி அக்கா,

குளிர், காய்ச்சல், எரிச்சல். இதற்குப் பெயர் பெரிய விஷயம் இல்லையா? படித்ததும் அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்து குண்டாக வராது, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன வாரம் ராஜலக்ஷ்மி மேடம் நம்மை எல்லாம் உட்கார வைத்து வகுப்பு எடுத்தாரே, மறந்துவிட்டதா? புதுக் கிட்னியை உடம்பு வெளியே தள்ளாமல் இருப்பதற்காகத்தான் நமக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை கொடுக்கிறார்கள். வாசலில் வாட்ச்மேன் இல்லாத பில்டிங் மாதிரிதான் இப்போது நம் உடம்பு. மற்றவர்களுக்குச் சும்மா வந்து போகிற காய்ச்சல் நமக்குச் சும்மா போகாது. "காய்ச்சல் வந்தா முதல் போன் எனக்கு, ரெண்டாவது போன்தான் சாமிக்கு" என்று சொல்லிச் சிரித்தாரே. நீங்களும் தலையாட்டினீர்களே.

பல்லுக்குக் கொடுத்தது பல்லுக்கு. இது எந்தக் கிருமி என்று சோதித்துப் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் செத்தது போக மிச்சம் இருக்கிற கிருமி இன்னும் முரட்டுத்தனமாக வளரும். நம்முடைய எட்டு மணி மாத்திரையோடு சேரக் கூடாத மருந்துகளும் இருக்கின்றன. கடையில் வாங்கிப் போட்டால் கிட்னிக்கே ஆபத்து.

நாளைக்கே சுபினைக் கூட்டிக்கொண்டு போங்கள். யூரின், ரத்தம் இரண்டையும் கொடுங்கள். கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை எனக்குத் தூக்கம் கிடையாது, உங்களுக்கும் புண்ணியமாகப் போகும்.

மாலதி


மாதா துணை
தாராவி.
22.1.2025

அன்புள்ள மாலதிக்கு,

நீ தூங்கு தாயே, முதலில் நீ தூங்கு. காய்ச்சல் இல்லை. நேற்றும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, போகவும் மாட்டேன். ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், கேள்.

அந்த வகுப்பில் நான் தலையாட்டினேன், உண்மைதான். நான் மற்றவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறவள். அங்கே எல்லோரும் மாஸ்க். மேடத்தின் கண் மட்டும்தான் தெரிந்தது. கண் சிரித்தபோது நானும் சிரித்தேன், மற்றவர்கள் தலையாட்டியபோது நானும் ஆட்டினேன். காது கேட்கவில்லை என்று எத்தனை தடவைதான் எழுந்து நின்று சொல்வது? வெட்கமாக இருந்தது.

இந்தக் காது எப்படிப் போயிற்று என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. டயாலிசிஸ் நாட்களில் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அதில் சீழ் பிடித்துக் காய்ச்சல். இங்கே ஒரு சின்ன சென்டரில் தினமும் ஊசி போட்டார்கள். அமிக்காசின் என்று பெயர், சுபின் பிறகு கண்டுபிடித்துச் சொன்னான். காய்ச்சல் போன அதே வாரம் காதும் போயிற்று. முதலில் மிக்ஸி சத்தம் போயிற்று, பிறகு குக்கர் விசில், பிறகு பிள்ளையின் குரல். பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது மாலதி.

கிட்னிக்குப் பெயர் பதியும்போது காது ஏன் இப்படி என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, சுபின் "ஜனம் ஸே" என்று சொல்லிவிட்டான். பிறவியிலிருந்தே இப்படித்தான் என்று என் ஃபைலில் இருக்கிறது. இனிமேல் போய் மாற்றினால் பொய் சொன்னதாக ஆகாதா?

இப்போது காய்ச்சல் என்று போனால் மறுபடி அந்த ஊசிதான். மிச்சம் இருக்கிற இடது காதும் போய்விடும். 24-ஆம் தேதி என் மகன் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கவா? கல்யாணம் முடியட்டும், மறுநாள் நானே போகிறேன். அதுவரை நீ ஆஸ்பத்திரியிலும் சொல்லக் கூடாது, சுபினிடமும் சொல்லக் கூடாது. நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் மேல் சத்தியம் பண்ணிக் கொடு.

உன் அக்கா,
வலது பக்கத்துக்காரி


திலக் நகர்.
23.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்துக் கட்டிலில்தான் நான் இருந்தேன், நீங்கள் காதில் கேட்டுத்தான் சிரிக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேனே. காது மந்தம் என்று தெரியும், வகுப்பில் ஒரு வார்த்தைகூட விழவில்லை என்று தெரியாது.

சத்தியம் பண்ணுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. காய்ச்சல் திரும்பி வந்தால் என்னிடம் மறைக்கக் கூடாது. அதற்கு நீங்களும் அவர் மேல் சத்தியம் பண்ண வேண்டும்.

தினமும் இரண்டு வேளை தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மாஸ்க் கழற்ற வேண்டாம். நான் செய்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பிள்ளையின் அட்மிஷன் ஃபாரத்தில் பிறந்த தேதியை எழுதுகிற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்.

இடது பக்கத்துக்காரி,
மாலதி


மாதா துணை
தாராவி.
5.2.2025

அன்புள்ள மாலதிக்கு,

மறைக்கக் கூடாது என்று சொன்னாய். மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். சத்தியத்தைக் காப்பாற்றியாயிற்று.

போன வாரமே திரும்பிவிட்டது. இந்தத் தடவை குளிர் வந்தால் கட்டில் ஆடுகிறது. சுபின் டூட்டி முடிந்து வருவதற்குள் போர்வையை மடித்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். வெந்து போன முகத்தைப் பார்த்து, அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொள்கிறான். அடிவயிற்றில் தையல் போட்ட இடம் தொட்டால் வலிக்கிறது. குடிவந்தவர் கோபித்துக்கொண்டு கதவைத் தட்டுகிறார் போல.

கேப்ஸ்யூல் தீர்ந்துவிட்டது. மெடிக்கல் கடை ரஹ்மத்துல்லா பாய் "பர்ச்சி கிதர் ஹை?" என்று டாக்டர் சீட்டுக் கேட்டார். சுபினுக்கு மறுபடி பல் வலி, சீட்டு வீட்டில் இருக்கிறது என்றேன். வருஷக்கணக்காகத் தெரிந்தவர், நம்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் இந்த முறை அது கேட்கவில்லை. ஒரு நாள் விடுகிறது, மறுநாள் வருகிறது.

திங்கட்கிழமை சுபின் விடாமல் செக்கப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். போவதற்கு முன்னால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன். அங்கே தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. சோதனைக்கு யூரின் கேட்டார்கள். வரவில்லை, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பார், எவ்வளவு கெட்டிக்காரி உன் அக்கா!

இன்னும் கொஞ்ச நாள்தான் மாலதி. முதல் ஓலை வாசித்தாயிற்று. எனக்குக் கேட்காது என்று சுபின் என் தோளைத் தொட்டுக் காட்டினான், "மம்மி, என் பேரு!" என்று. லிசா வீட்டார் தூத்துக்குடியிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். நீ சும்மா இருந்தால் போதும், மற்றதை மாதா பார்த்துக்கொள்வாள்.

பயந்துகொண்டுதான் இருக்கிறேன். இதைப் போட்டோ எடுக்கச் சுபின் பக்கத்திலேயே காத்திருக்கிறான், அதனால் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறேன்.

வலது பக்கத்துக்காரி,
மேரி


திலக் நகர்.
5.2.2025

அக்கா,

இதை நீங்கள் படிப்பதற்குள் எல்லாம் நடந்திருக்கும். எழுதுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். எழுதிவிட்டுச் சொன்னால் நீங்கள் தடுத்துவிடுவீர்கள் என்று தெரியும்.

முதலில் சுபினுக்குப் போன் போட்டேன். "சுபின், உன் மம்மிக்குக் காய்ச்சல். ஜனவரியிலிருந்தே" என்றேன். "நை ஆன்ட்டி, மம்மி ஏக்தம் ஓகே. இப்பதான லெட்டர் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புனேன்" என்றான். "அந்த லெட்டர்லதான்டா இருக்கு" என்றேன். ஏதோ வண்டி ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, "நானே போட்டோ எடுத்து நானே அனுப்பிருக்கேன் ஆன்ட்டி" என்று அழுதுவிட்டான்.

ராஜலக்ஷ்மி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேப்ஸ்யூல், பாரசிட்டமால், காலி டப்பா எல்லாம். அந்த ஊசியின் பெயரையும், அது காதை என்ன செய்தது என்பதையும் சொன்னேன். அவர் உங்கள் ஃபைலைத் திறந்து பார்த்தார். "ஃபைல்ல பிறவியிலேர்ந்துன்னுல்ல இருக்கு. மயக்கத்துல தூக்கிட்டு வந்திருந்தா நாங்களே அந்த ஊசிய எடுத்திருப்போமே மாலதி" என்றார்.

அக்கா, கேளுங்கள். அது ஒன்றுதான் மருந்து என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். காதைத் தொடாத வேறு மருந்துகள் இருக்கின்றனவாம். எந்த மருந்து நமக்கு என்ன செய்தது என்று டாக்டரிடம் சொன்னால் அதை விட்டுவிட்டு வேறு கொடுப்பார்களாம். பொய் சொன்னதற்கு யாரும் கோபிக்கவில்லை. அங்கே படுக்கை தயாராக இருக்கிறது. சுபின் இதைக் காட்டியதும் அவனோடு புறப்படுங்கள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். கொடுத்தவர் என்னை மன்னிப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் மன்னிப்பீர்களா என்றுதான் தெரியவில்லை.

மாலதி


ஆஸ்பத்திரி.
12.2.2025

மாலதிக்கு,

கையில் ஊசி இருப்பதால் அதிகம் எழுத முடியாது.

கல்யாணம் தள்ளிப் போய்விட்டது. லிசா வீட்டார் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார்கள். இரண்டாவது ஓலை வாசித்த நாளில் நான் இங்கே படுத்திருந்தேன். இரண்டு நாள் எனக்கு நினைவே இல்லையாம். கிட்னியில் சீழ், ரத்தத்திலும் கலந்துவிட்டது என்று சுபின் ஸ்லேட்டில் இந்தியில் எழுதிக் காட்டுகிறான். என் பிள்ளை என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான். பக்கத்தில் இருந்தும், இதில் எத்தனை இடத்தில் அவன் பெயர் வருகிறது என்று கேட்கவில்லை.

உன்னையும் கூப்பிட்டு ரத்தமும் யூரினும் எடுத்தார்களாம். ஒருத்திக்கு வந்தால் இன்னொருத்தியையும் பார்க்க வேண்டுமாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ பயந்தது எனக்காக இல்லை, உன் பக்கத்துக் கிட்னிக்காக. அதற்காகத்தான் என்னைக் காட்டிக்கொடுத்தாய்.

இனிமேல் எழுத வேண்டாம்.

மேரி


திலக் நகர்.
16.2.2025

அன்புள்ள மேரி அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. உங்களுக்குக் குளிர் என்று படித்த அன்று எனக்கும் குளிர்ந்தது. என் அடிவயிற்றை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவருக்குள் இருந்த ஏதோ ஒன்று உங்களிடம் முதலில் தலைகாட்டுகிறது, அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். இதை இல்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை. என் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தப் பேப்பரைக் கையில் வாங்கியபோது சந்தோஷம் வரவில்லை அக்கா. உங்கள் வார்டு இருந்த மாடிக்கு லிஃப்டில் ஏறி, மாடி வந்ததும் இறங்காமல் திரும்ப வந்துவிட்டேன்.

மீதிப் பாதி நீங்கள். அதை எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் இப்போது ஏற்றுகிற மருந்து காதுக்கு ஒன்றும் செய்யாது என்று மேடம் சொன்னார். இடது காதில் சுபினைப் பேசச் சொல்லிப் பாருங்கள். அது ஒன்றையாவது செய்யுங்கள்.

மாலதி


திலக் நகர்.
9.3.2025

அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. படித்தீர்களா என்று சுபினைக் கேட்டேன். "காட்டுனேன் ஆன்ட்டி, மம்மி போனத் திருப்பி வெச்சிட்டா" என்றான். இதையும் திருப்பி வைத்துவிடுவீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

சுபின் எல்லாம் சொன்னான். உயிரைக் காப்பாற்றுவதற்காக எதிர்ப்புச் சக்தி மாத்திரையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது, கிட்னி திரும்ப வேலை செய்யவில்லை, மறுபடி டயாலிசிஸ் தொடங்கியாயிற்று என்று. அவன் போனை வைத்த பிறகு நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் மகள் கீதா வந்து கதவைத் தட்டினாள், "அம்மா, தண்ணி வேஸ்ட் ஆகுது" என்று.

ஜனவரியில் நீங்கள் முதல் முறை எழுதியபோதே நான் சொல்லியிருந்தால்? மேடத்திடம் இதைத்தான் கேட்டேன். "தெரியாதும்மா, ஒருவேளை தப்பியிருக்கலாம்" என்றார். பொய்க்காகவாவது தப்பியிருக்காது என்று சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை. நீங்கள் நான் சொல்லிவிட்டேன் என்று கோபமாக இருக்கிறீர்கள். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேனே, அதற்குத்தான் நீங்கள் கோபித்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் எட்டு மணிக்கு மாத்திரையைக் கையில் எடுத்தால் விழுங்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு மட்டும் இருக்கிறதே என்று. ஒரு நாள் ஒன்பது மணி வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் இப்போது வகுப்பில் முகம் முழுக்கத் தெரிகிற பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பேசுகிறார். முடிந்ததும் ஒவ்வொருவரையும் என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்கிறார். தலையாட்டினால் விடுவதில்லை.

மாலதி


மாதா துணை
தாராவி.
1.5.2025

என் தங்கச்சி மாலதிக்கு,

ரொம்ப நாளாகப் போனைத் திருப்பி வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் படித்தேன். படித்தேன் என்று சொல்வது தப்பு. லிசா என் இடது பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "அத்த, இவ்வள நாளா இந்த அம்மாவுக்குப் பதில் போடாம எப்படி இருந்திய?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மாமியாரைக் கேள்வி கேட்கிறாள் பார்.

ஆமாம், கல்யாணம் முடிந்துவிட்டது. ஈஸ்டர் கழிந்து, இந்தத் திங்கட்கிழமைதான். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்ததால் அன்றைக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. உனக்குப் புதுப் பத்திரிகை அனுப்ப வேண்டாம் என்று சுபினிடம் சொன்னவள் நான்தான். கோயிலில் முதல் வரிசையில் உன் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடாதே என்று சொன்னவளும் நான்தான். அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. என் வீம்பு எனக்கே பிடிக்கவில்லை.

சாமியார் என் நாற்காலியைப் பீடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார். சுபின் கல்யாண வார்த்தைப்பாடு முழுவதையும் இந்தி எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தான். கத்திச் சொன்னான், கோயிலே திரும்பிப் பார்க்கும்படி, எனக்காகத்தான். முதலில் பாதிதான் விழுந்தது. "நோயிலும்" என்றது முழுசாக விழுந்தது. "ஏற்றுக்கொள்கிறேன்" என்றதும் விழுந்தது. மாலதி, நான் என் காதால் கேட்டேன். நீ சொல்லியிருக்காவிட்டால் இந்தக் காதும் இல்லை, கேட்க நானும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர்கள் இதை எத்தனையோ தடவை எழுதிக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சத்தியத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தச் சத்தியத்தைக் கேட்டு வாங்கினவள் நான். அது என் பாவம், உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. நீ உன் பக்கத்துக்காகப் பயந்தாய் என்று சொன்னேனே, பயப்பட வேண்டியதுதானே? நான் என் பக்கத்துக்காகப் பயந்திருந்தால் அவர் இன்றைக்கும் இருந்திருப்பார். கோயிலில் அவருக்காக ஒரு பூசை வைத்தேன். பெயர் கேட்டார்கள். தெரியாது என்றேன். குடிவந்தவரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் அனுப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்ளச் சொல் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். உன்னிடம் இருக்கிற மற்றவரிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

ஒன்பது மணி வரை மாத்திரையைக் கையில் வைத்திருந்தாயாமே? அந்த வரியை லிசா படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் டயாலிசிஸ் ஊசி குத்தின கையைத் தூக்கிவிட்டேன். உனக்குக் கூச்சம் என்ன வேண்டிக்கிடக்கிறது? ஜோடியில் ஒருத்தர்தான் மிச்சம். அவரையும் தொலைத்துவிட்டு என் முகத்தில் விழிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வா. லிசா மீன் குழம்பு வைப்பாள், உனக்குச் சாம்பார் தனியாக வைக்கச் சொல்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் தமிழ் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், பார்த்து எழுது. ஒளிக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

எப்போதும் போல வலது பக்கத்துக்காரி என்று எழுதப் போனேன். அது இனிமேல் பொய். வேறு என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். லிசா எட்டிப் பார்த்துவிட்டு, "பேரு மாறுன கல்யாணப் பொண்ணு நானே யோசிக்கல, நீங்க என்னத்த யோசிக்கிய? அந்த அம்மா மொதல்ல உங்கள எப்படிக் கூப்பிட்டாவளோ அதையே போடுங்க" என்றாள்.

எட்டு மணி ஆகப் போகிறது. மாத்திரையைப் போட்டுவிட்டுப் பதில் எழுது.

உன் அக்கா,
மேரி